பழைய வேன், பிக்கப்பில் நாமே செய்த மாற்றங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஏர்கான் ஹையேஸ்

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது டீசல் ஹையேஸ் வேன், சிங்கப்பூரில் ஏர்கான் சர்விஸ் வேலைக்கு ஓடுகிறது. பத்து ஆண்டு முடிந்ததும் பிகியூபி என்ற நீட்டிப்புக் கட்டணத்தைக் கட்டி, சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீட்டினேன். அவ்வளவு கட்டிய பிறகு பட்டறையிலும் காசைக் கொட்ட மனம் வரவில்லை. உள்வேலை எல்லாம் நானே.

சரக்கு வைக்கும் இடத்தில் 12 மி.மீ. ப்ளைவுட் தரை, ஒரு பக்கம் துளை போட்ட ஆங்கிள் இரும்பில் ரேக். தகரத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. ஏற்கெனவே இருக்கும் மரைத் துளைகளிலேயே போல்ட் முடுக்கினேன். புதுத் துளை போட்டால் அந்த வெட்டு விளிம்பில்தான் முதலில் துரு பிடிக்கும், நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுக்கும்போது ரேக்கைக் கழற்றி அடுத்த வேனில் மாட்டிக்கொள்ளலாம் என்பதும் ஒரு கணக்கு.

பத்து ஆண்டு தாண்டிய சரக்கு வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு. அங்கிருந்த மலாய் அங்கிள் ரேக்கைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். அசையவில்லை. யார் செய்தது என்று கேட்டார், நான்தான் என்றேன். உடனே கதவில் எழுதியிருக்கும் எம்எல்டபிள்யூவை (சரக்கும் ஆளும் சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) தட்டிக் காட்டி, “இதில் உன் ரேக்கும் சேர்த்தியா?” என்றார். நல்ல கேள்வி. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒரு ஷீட்டே 20 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் இரும்பு, கேஸ் சிலிண்டர், ஏணி, இரண்டு ஆள். கழித்துப் பார்த்தால் ஏற்றக்கூடிய சரக்கு நினைத்ததைவிடக் குறைவுதான்.

ஈஷூன் வேன்காரர்

ரேக் பிரமாதம் அண்ணே. என் கதை கண்ணாடி. பழைய உரிமையாளர் ஒட்டிய கறுப்பு ஃபிலிமோடு வேன் வந்தது. முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், பின்னால் 25. இது தெரிந்தவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: கணக்கு ஃபிலிமுக்கு மட்டுமல்ல, கண்ணாடியும் சேர்த்து. கண்ணாடியே 80 விழுக்காடுதான் விடுகிறது என்றால், அதன் மேல் ‘70’ என்று விற்கும் ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 56. கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார்.

ஆகவே முன்னால் எல்லாவற்றையும் உரித்தேன். வெறும் கையால் இழுத்தால் பசை அப்படியே நின்றுவிடும். நீராவி காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் ஒரே தாளாக வரும். பின்கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள் (ஆவிப்படலத்தைப் போக்கும் சூடேற்றும் கம்பிகள்) இருந்தால் பிளேடு பக்கமே போகாதீர்கள்.

வயர்மேன் தோபாயோ

நான் மின்வேலை ஆள். ஒரு நண்பர் தன் வேனில் பின்னால் கூல்பாக்ஸ் வைத்துவிட்டு, அது அடிக்கடி நின்றுவிடுகிறது, பேட்டரி போச்சு என்று கூட்டிப் போனார். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. 2.5 சதுர மி.மீ. வயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். அதில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் அது பெரிய தொகை. கூல்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. 6 சதுர மி.மீ. வயருக்கு மாற்றினோம், இழப்பு 0.3க்கு வந்தது, பிரச்சினை தீர்ந்தது. வயர், கிரிம்ப், ஃபியூஸ் எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கினோம்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கூல்பாக்ஸ் பக்கத்தில் அல்ல. அது காப்பது வயரை. நடுவில் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால், கடைசியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் ஹெட்லைட். ஹாலஜன் விளக்குக்கூட்டில் எல்இடி பல்பு செருகுவதை விடுங்கள். ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், ஆய்விலும் சிக்கல். மஞ்சளாகிப்போன லென்ஸை 800, 1500, 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போடுங்கள், மேலே யூவி பூச்சும் வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் மறுபடி மஞ்சள். எர்த் முனையையும் சுத்தம் செய்தால் பழைய ஹாலஜனே போதும்.

பிக்கப் தம்பி

ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் அண்ணன் தன் யூட்டின் (பிக்கப்புக்கு அங்கே அதுதான் பெயர்) படத்தை அனுப்பி அனுப்பி வெறுப்பேற்றுகிறார்: பின்னால் மூடி, இழுப்பறை, இரண்டாவது பேட்டரி. எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்காமல் உடற்கூட்டில் கை வைக்க நான் தயாரில்லை. இழுப்பறை மட்டும் செய்துகொண்டேன். கிரைண்டர் சத்தத்துக்கு வீவக அடுக்குமாடிக் கார்ப்பார்க் ஆகாது, காக்கி புக்கிட்டில் தெரிந்த பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஓரமாக இடம் கொடுத்தார்கள். அங்கிருந்த சீன அங்கிள் கேட்காமலே வந்து உதவினார். வேலை முடியும்வரை பழைய பிக்கப்புகளைப் பற்றி ஒரே பேச்சு.

கேள்வி ஒன்று. கூரைச் சூட்டுக்கு உள்ளே கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) வைக்கலாமா?

ஏர்கான் ஹையேஸ்

வேண்டாம் தம்பி. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், தகரம் உள்ளிருந்து அரிக்கும். நாங்கள் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஃபோம் மாதிரி, நீர் இழுக்காத வகையை ஒட்டு. கதவுக்குள் ஒட்டுவதானால் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மூடிவிடாதே.

ஈஷூன்காரரே, அந்த நீராவி மெஷின் ஒரு வாரம் கிடைக்குமா?

ஈஷூன் வேன்காரர்

தாராளமாக. சனிக்கிழமை மாலை வாங்க, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.