புது பெட்ரோல் டேப்ல டியூப் ஏற மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
வணக்கம். பைக்ல ஏற்கனவே இருந்த வேக்குவம் டேப்ல (இஞ்சின் உறிஞ்சுற வேகத்துல தானா திறக்குற டேப்) டயாஃப்ரம், அதாவது உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, போயிடுச்சு, அதை எடுத்துட்டு கையால திருப்புற சாதா டேப் வாங்கி மாட்டிட்டேன். டேங்க் பக்கம் ஒரு சொட்டு லீக் இல்ல. பிரச்சனை டியூப்தான். டேப்போட மூக்கு (டியூப் மாட்டுற குழாய் நுனி) குண்டா இருக்கு, கார்புரேட்டர் மூக்கு சின்னது. 6 எம்எம் டியூப் கார்புரேட்டர்ல கச்சிதமா உக்காருது ஆனா டேப்ல ஏறல, திருகி திருகி அழுத்துனதுல நுனி கிழிஞ்சே போச்சு. 8 எம்எம் போட்டா டேப்ல ஓகே, கார்புரேட்டர்ல தொளதொளன்னு நிக்குது, கிளாம்ப் இறுக்கியும் கசியுது. சிலிக்கான் பேஸ்ட் தடவிடலாமா?

பதில் 1:
பேஸ்ட் வேண்டவே வேண்டாங்க. சாதா சிலிக்கான் பெட்ரோல்ல ஊறி உப்பி பிஞ்சு வரும், அந்த துணுக்கு நேரா கார்புரேட்டர் ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்ன துளை) போய் அடைக்கும். முதல்ல வெர்னியர் வச்சு ரெண்டு மூக்கையும் அளங்க. வெளில வாங்குற டேப் நிறைய இன்ச் கணக்குல வரும், 1/4 இன்ச்னா 6.35 எம்எம், 5/16னா கிட்டத்தட்ட 8. உங்களுது 5/16 மாதிரி தெரியுது. தொளதொளன்னு இருக்கிற டியூப்ப கிளாம்ப் போட்டு நெரிச்சா ரப்பர் ஒரு இடத்துல மடியும், அந்த மடிப்பு வழியாத்தான் கசியுது, எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது. ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 6 இருக்கிற பித்தளை ஜாயின்ட் வாங்கி நடுவுல போட்டுடுங்க.

பதில் 2:
அண்ணன் சொன்னதுதான் சரி. கிழிஞ்ச டியூப்ப திரும்ப யூஸ் பண்ணாதீங்க. நைட்ரைல் ரப்பர்ல பெட்ரோலுக்குன்னே வர்ற டியூப்பா பாத்து வாங்குங்க, கண்ணாடி மாதிரி தெரியுற சாதா பிவிசி டியூப் பெட்ரோல் பட்டு பட்டு கட்டையா இறுகிடும், அப்புறம் லேசா அசைஞ்சாலே விரிசல் விடும். பிளேடு வச்சு நேரா வெட்டி, பைக்க விட்டு தள்ளி நின்னு நுனிய சுடுதண்ணில ஒரு நிமிஷம் வச்சு, ஈரத்த தொடச்சுட்டு ஏத்துங்க, வழுக்கிட்டு போகும். லைட்டர் காட்டி சூடு பண்றத பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. மூக்குல இருக்கிற மேட்ட டியூப் முழுசா தாண்டணும், கிளாம்ப் அதுக்கு பின்னாடி உக்காரணும், மேட்டு மேலயே போட்டா கொஞ்ச நாள்ல நழுவிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி! ஜாயின்ட் போட்டாச்சு, டேப்ப ஆன்ல வச்சு அடியில காகிதம் விரிச்சு அரை மணி நேரம் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. ஆனா ஸ்டார்ட் பண்ணா ஐடிலிங் (ஆக்சிலேட்டர் திருகாம இஞ்சின் ஓடுற வேகம்) ரொம்ப ஏறிடுது, முன்னாடி இப்படி இல்ல.

பதில் 1:
பழைய டேப்புக்கு இன்டேக் மேனிஃபோல்டுல (கார்புரேட்டர்ல இருந்து இஞ்சினுக்கு போற குழாய்) இருந்து ஒரு சின்ன வேக்குவம் டியூப் வந்திருக்குமே, அதை என்ன பண்ணீங்க? திறந்து விட்டிருந்தா அது வழியா காத்து உள்ள போயி கலவை லீன் ஆகும் (காத்து அதிகமாகி பெட்ரோல் பங்கு குறையும்), ஐடிலிங் ஏறும், இஞ்சின் சூடும் ஆகும். அந்த ஓட்டைய ரப்பர் மூடி போட்டு அடைங்க. இன்னொண்ணு, வேக்குவம் டேப் இஞ்சின் நின்னா தானா மூடிக்கும், இது மூடாது. வண்டிய நிறுத்துனா கையால ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல நிறுத்துற நீடில் லேசா கசிஞ்சாலும் ராத்திரியெல்லாம் பெட்ரோல் இறங்கி இஞ்சின் ஆயில்ல கலந்துடும்.

கேள்வி கேட்டவர்:
அதேதான்! டியூப் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. மூடி போட்டதும் ஐடிலிங் பழையபடி ஆயிடுச்சு.