டப்ளின்ல நல்ல ஐரிஷ் ரெஸ்டாரண்ட், அம்மாவுக்கு மாடும் பன்னியும் ஆகாது, என்ன சொல்லி புக் பண்ணணும்?

மார்த்தாண்டம்_பொண்ணு:
அக்கா டப்ளின்ல நர்ஸ். செப்டம்பர்ல அப்பா அம்மாவ கூட்டிட்டு நானும் போறேன். அப்பாவுக்கு 60 முடியுது, அந்த ஊரு சாப்பாட ஒரு நாளாவது நல்ல எடத்துல வாங்கிக் குடுக்கணும்னு எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் ஆச, பப்ல கிடைக்கிற ஸ்டூ இல்ல, இப்ப உள்ள ஷெஃப்மார் புதுசா செய்யிற ஐரிஷ் சாப்பாடு. அப்பா குளச்சல்காரரு, மீன்னா எதுவும் ஓகே. அம்மா மாடு, பன்னி ரெண்டும் தொடமாட்டாங்க. அவங்க பசியோட எந்திரிச்சு வந்துரக்கூடாது, அதான் கவல.

தக்கலை_அண்ணன்:
தாராளமா போங்க தங்கச்சி. பார்னெல் ஸ்கொயர்ல உள்ள சாப்டர் ஒன்ங்கிற ரெஸ்டாரண்டுக்கு 2 மிஷலின் ஸ்டார் (நல்ல ஹோட்டலுக்கு மிஷலின் கைடு குடுக்கிற நட்சத்திரம்) இருக்கு, அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். ராத்திரிய விட மத்தியானம் போனா விலையும் குறையும், வயசானவங்களுக்கு ஒக்காந்திருக்கவும் லேசு, ஏன்னா டேஸ்டிங் மெனுன்னா ஒவ்வொரு தட்டா வந்து முடிய மூணு மணிக்கூர் ஆயிரும்.

முக்கியமான விஷயம் ஒண்ணு. அங்க 14 அலர்ஜி சாமான எழுதி வைக்கணும்னு சட்டம் உண்டு, ஆனா அந்த லிஸ்ட்ல மாடும் கிடையாது பன்னியும் கிடையாது. என் வீட்டுக்காரி ஒரு எடத்துல வெறும் கிழங்குதானேன்னு பாதி சாப்பிட்ட பெறகுதான் அந்த சாஸ் மாட்டெலும்பு வேகவச்ச தண்ணியில செஞ்சதுன்னு தெரிஞ்சுது, பாவம் அழுதுட்டா. அதனால எலும்புச்சாறு, ஜெலட்டின், கொழுப்பு எதுவும் வேண்டாம்னு புக் பண்ணும்போதே சொல்லிருங்க. பிளாக் புட்டிங்னு எழுதியிருந்தா அது பன்னி ரத்தத்துல செய்யிறது.

கடியபட்டணம்_சிப்பி:
அப்பாவ பத்தி கவலையே படாதீங்க! நம்ம சிப்பி அங்க மசல்ஸ், தேங்காய்க்குப் பதிலா வெண்ணெயும் பூண்டும் போடுவாங்க. டப்ளின் பே பிரான்னு ஒண்ணு, பேருதான் எறால், பாத்தா சின்ன சிங்கி மாதிரி இருக்கும், கண்டிப்பா வாங்கிக் குடுங்க. அவங்க நாட்டு ஆய்ஸ்டருக்கு செப்டம்பர்லதான் சீசன் தொடங்கும், பச்சையா தருவாங்க, ஓட்டுக்குள்ள உள்ள தண்ணிய கொட்டாம அப்படியே குடிக்கச் சொல்லுங்க, அதுலதான் கடல் ருசியே இருக்கு.

நாகர்கோவில்_டீச்சர்:
மக்களே, அம்மாவுக்கு அந்த ரொட்டி ஒண்ணு போதும். சோடா பிரெட், ஈஸ்ட் கிடையாது, மோரும் ஆப்பச்சோடாவும்தான். மேல சிலுவ கீறியிருக்கும். சூடா பிச்சா உள்ள பொலபொலன்னு இருக்கும், மோர் புளிப்பு லேசா தெரியும், பசு புல்லு மேயிறதால வெண்ணெய் நல்ல மஞ்சளா இருக்கும். கிழங்கையும் வேண்டாம்னு சொல்லிராதீங்க, நம்ம ஆளுகளுக்கு சண்டைக் காலத்துல அரிசி இல்லாதப்ப மரச்சீனி எப்படியோ அப்படித்தான் அவங்களுக்கு உருளக்கிழங்கு, 1845-லருந்து சில வருஷம் கிழங்கு அழுகிப்போயி பட்டினியில பத்து லட்சம் பேரு செத்தாங்க. கடைசியில கராகீன் புட்டிங் இருந்தா கேளுங்க, நோம்புக்கு காய்ச்சுற கடல்பாசி மாதிரியேதான் பால்ல உறைய வைப்பாங்க.

மார்த்தாண்டம்_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எலும்புச்சாறு விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல, இன்னைக்கே அக்காகிட்ட மெயில்ல எழுதிக் கேக்கச் சொல்றேன். அம்மாகிட்ட மோர் ரொட்டின்னு சொன்னேன், சோடா எவ்வளவு போடுவாங்கன்னு இப்பவே கேக்குறாங்க.