எது யாருக்குத் தெரிகிறது: வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் கண்ட ஓட்டைகள்

திண்ணைவாசி:
பிரைவசி என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது வாட்ஸ்அப்பின் லாஸ்ட் சீனில்தான். அது கொடுக்கல் வாங்கல் கணக்கு என்பது பிறகுதான் உறைக்கும். யாருக்கு நீங்கள் மறைக்கிறீர்களோ, அவருடையது உங்களுக்கும் தெரியாது. நீல டிக்கும் அப்படித்தான். அதை அணைத்தால், உங்கள் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் சேர்ந்தே போய்விடும். "நான் போடுற ஸ்டேட்டஸை ஒருத்தரும் பார்க்கிறதில்லை" என்று குறைப்படுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

இரண்டு விஷயம் அணையாது. குரூப்பில் மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால், படித்தவர்களின் பெயர் வரிசையாக வரும். குரல் பதிவைக் கேட்டுவிட்டீர்கள் என்பதும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு: லாஸ்ட் சீனை 'நோபடி' ஆக்கிவிட்டு, அதே பக்கத்தில் கீழே இருக்கும் 'ஆன்லைன்' என்பதை 'எவ்ரிஒன்' என்றே விட்டுவிடுவது. நடுராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் விழித்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதை 'சேம் ஆஸ் லாஸ்ட் சீன்' என்று மாற்ற வேண்டும். எல்லோருக்கும் கதவைச் சாத்துவதைவிட 'மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்' நல்லது. "ஆன்லைன்ல இருந்தியே, ஏன் பதில் போடல" என்று கேட்கும் நாலு பேரை மட்டும் அதில் குறித்துவிட்டால், மற்றவர்களோடு பழக்கம் பழையபடியே இருக்கும்.

அட்மின்பாவம்:
லாஸ்ட் சீன் சின்ன விஷயம். பெரிய ஓட்டை குரூப். 200 பேர் இருக்கும் குரூப்பில் யாரோ உங்களைச் சேர்த்த அந்த நொடியே உங்கள் எண் 200 பேருக்கும் போய்விட்டது. டிபி 'எவ்ரிஒன்' என்று இருந்தால் முகமும் போய்விட்டது. பிறகு வெளியேறினாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அங்கே ஆரம்பத்தில் இருப்பது 'எவ்ரிஒன்'. 'நோபடி' என்று தனியாக ஒன்று கிடையாது. 'மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்' போய், எல்லாரையும் தேர்வு செய்தால் அதுவே நோபடி. இனி உங்களைச் சேர்க்க நினைக்கும் அட்மினுக்குத் தனி அழைப்பு அனுப்பும் வழிதான் திறக்கும். அந்த அழைப்பு 3 நாளில் காலாவதி. முகத்துக்கு நேரே மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை, சும்மா இருந்தாலே போதும்.

வெளியேறும்போது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் கடந்த 60 நாளில் வெளியேறியவர்களின் பட்டியலை உறுப்பினர் யார் வேண்டுமானாலும் குரூப் இன்ஃபோவில் திறந்து பார்க்கலாம். சத்தமில்லாமல் போகலாம், தடமில்லாமல் போக முடியாது.

தானாக மறையும் மெசேஜ்களை நம்பிக் குடும்பப் படங்களைப் போடுகிறார்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு உண்டு. கெடு முடிந்தால் சாட்டில் இருப்பது போகும். ஆனால் எதிராளியின் ஃபோன் மீடியாவைத் தானாக இறக்கிக் கேலரியில் சேர்க்கிறது என்றால், அங்கே போன படம் அங்கேயே இருக்கும். ஃபார்வர்டு ஆனதும் அப்படியே. 2025இல் வந்த 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' இந்தத் தானியங்கிச் சேமிப்பையும் சாட்டை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்வதையும் தடுக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்காது.

லென்ஸ்மூடி:
படம் பற்றி. ஃபோன் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்படுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டர் துல்லியம். தெரு அல்ல, வீடே தெரியும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். தரம் குறையக்கூடாது என்று 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புகிறோமே, அப்போது கோப்பு உள்ளது உள்ளபடி போகும், இருப்பிடத்தோடு. மின்னஞ்சல் இணைப்பும் அப்படித்தான். ஐஃபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'லொகேஷன்' அணைக்கலாம். ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸிலேயே இருப்பிடக் குறியை நிறுத்துவது சுலபம். பழைய படங்களில் இருக்கிறதா என்று பார்க்க, கூகுள் ஃபோட்டோஸில் படத்தை மேலே தள்ளுங்கள். கீழே வரைபடம் வந்தால் பெரும்பாலும் இருக்கிறது என்று அர்த்தம்.

கோப்புக்குள் இருப்பதைத் துடைத்தாலும் படத்தில் தெரிவது மிச்சம். குழந்தையின் சீருடையில் இருக்கும் பள்ளி முத்திரை, கூரியர் பெட்டியின் ஒட்டுச்சீட்டு, வண்டி எண். விமான போர்டிங் பாஸில் அச்சிட்ட பெயரை விரலால் மறைத்துவிட்டு பார்கோடை விட்டுவிடுகிறார்கள். பெயரும் முன்பதிவு எண்ணும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவை இரண்டும் கிடைத்தால் பல நிறுவனங்களின் தளத்தில் அந்தப் பயணத்தையே திறந்துவிடலாம்.

ஸ்க்ரீன்ஷாட்டில் எண்ணை மறைக்க ஹைலைட்டர் பேனாவால் நாலு தடவை தேய்ப்பது வேலைக்கு ஆகாது. அது அரைகுறையாக ஒளி ஊடுருவும் மை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் இலக்கம் எட்டிப் பார்க்கும். முழுக்க நிரப்பிய கட்டம் போடுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டுங்கள். வெட்டியதிலும் ஒரு கதை உண்டு. கூகுள் பிக்ஸல் ஃபோன்களில் படத்தை வெட்டித் திருத்த உதவும் மார்க்அப் கருவி, வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, வால் பகுதியை நீக்காமல் விட்டிருந்தது. வெட்டி எறிந்ததில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. 2023இல் அம்பலமாகி, பிறகு சரி செய்தார்கள். அதற்கு முன் பகிர்ந்த படங்கள் திருந்தாது. இதனால்தான் வெட்டிய படத்தைத் திரையில் திறந்து, அதை இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் புதிய கோப்பை அனுப்பச் சொல்கிறோம்.

ஊர் சுற்றும் படங்களை இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். ஓட்டப் பயிற்சி செயலி வைத்திருப்பவர்கள், தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் மறைக்கும் வசதியை இயக்குங்கள். அப்படியொரு செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் ஓடிய பாதைகளைத் தொகுத்து வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது. தனி மனிதரின் வாசல்படி அதைவிடச் சுலபம்.

ஐந்துபேர்:
இவ்வளவும் செய்துவிட்டு ஆறு மாதத்தில் யாரோடும் பேச்சே இல்லாமல் போனவர்கள் உண்டு. பூட்டுவது பாதி வேலைதான். யாருக்குத் திறப்பது என்பது மீதி.

ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும் என்று ஆய்வாளர் ராபின் டன்பார் சொல்வதை நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். அதற்குள்ளே 5, 15, 50 என்று வட்டங்கள் உண்டு. எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே சச்சரவு இருக்கிறது, வட்டம் என்ற யோசனை மட்டும் நமக்குப் போதும். இன்ஸ்டாவில் 'க்ளோஸ் ஃபிரெண்ட்ஸ்' பட்டியலில் 15 பேருக்கு மேல் போகாதீர்கள். சேர்த்தாலும் நீக்கினாலும் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு மட்டும் போடும் ஸ்டோரியைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். அத்தையைச் சேர்த்துவிட்டுச் சித்தியை விட்டால், இருவரும் பேசிக்கொள்ளும்போது விஷயம் வெளிவரும். அதற்கு எந்த செட்டிங்ஸும் உதவாது.

இன்ஸ்டா கணக்கை 'பிரைவேட்' ஆக்கினால் ஏற்கெனவே இருக்கும் ஃபாலோயர்கள் அப்படியே தொடர்வார்கள். ஒவ்வொருவராக 'ரிமூவ்' செய்ய வேண்டும். பிளாக் போல அது பகையைக் கிளப்பாது. பிளாக் செய்யவே முடியாத உறவு என்றால் 'ரெஸ்ட்ரிக்ட்'. அவர் போடும் கமெண்ட் அவருக்கு மட்டும் தெரியும், மெசேஜ் கோரிக்கைப் பெட்டிக்குப் போகும், நீங்கள் படித்தீர்களா என்பதும் தெரியாது.

பிறந்தநாளை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வாழ்த்தும் வேண்டும், முழுத் தேதியும் தெரியக்கூடாது. ஃபேஸ்புக்கில் நாளும் மாதமும் ஒரு பூட்டு, வருடம் தனிப் பூட்டு. முதலாவதை நண்பர்களுக்குத் திறந்து, வருடத்தை 'ஒன்லி மீ' ஆக்கினால் வாழ்த்து வந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000இல் காட்டிய கணக்கு இது: முழுப் பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காட்டிவிடக் கூடும்.

மூன்றாம்கை:
மேலே சொன்னவை எல்லாம் நம் கையில் இருப்பவை. அடுத்தவர் கையில் இருப்பதுதான் தலைவலி. நீங்கள் உங்கள் எண்ணை எந்தச் செயலிக்கும் கொடுக்காவிட்டாலும், உங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஒருவர் தொடர்புப் பட்டியலை ஏற்றினால் அதோடு நீங்களும் ஏறுகிறீர்கள். ஃபேஸ்புக்கின் தொடர்பு தேடும் வசதி வழியாக 2019 செப்டம்பருக்கு முன் சுரண்டப்பட்ட தரவு 2021 ஏப்ரலில் பொதுவெளிக்கு வந்தபோது, 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது. 'ஃபோன் எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம்' என்ற கேள்வி செட்டிங்ஸில் இருக்கிறது, 'ஒன்லி மீ' போடுங்கள். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்திலும் வினாடி வினா செயலியை நிறுவியவர்கள் சில லட்சம்தான், சிக்கியவர்கள் 8.7 கோடி வரை. மற்றவர்கள் செய்த குற்றம், நிறுவியவர்களுக்கு நண்பர்களாக இருந்தது.

டேக் விஷயமும் இந்த வகை. ஃபேஸ்புக்கில் ஒருவர் உங்களை டேக் செய்தால், அந்தப் பதிவு உங்கள் நண்பர்களுக்கும் போய்ச் சேரலாம். 'ப்ரொஃபைல் அண்ட் டேகிங்' உள்ளே ரிவ்யூவை இயக்கினால், உங்கள் பக்கத்தில் வருவதை மட்டும் நிறுத்தலாம். அவர் பக்கத்தில் இருக்கும் படம் அங்கேயே இருக்கும். அதற்கு ஒரே வழி, ஃபோன் போட்டு "அந்தப் படத்தை எடுத்துடறீங்களா" என்று கேட்பது.

பழைய பதிவுகளை மொத்தமாக அடைக்க 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' ஒரு தட்டல். பொதுவில் இருந்தவை நண்பர்களுக்கு மட்டும் என்று மாறும். திரும்ப மொத்தமாகத் திறக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கவர் படம் பொதுவிலேயே நிற்கும். குடும்பப் படத்தைக் கவரில் வைத்துவிட்டு மற்றதை எல்லாம் பூட்டுவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

திண்ணைவாசி:
ஒன்று விட்டுப்போனது. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தை மாதம் ஒருமுறை திறங்கள். முதன்மை ஃபோன் தவிர நாலு கருவிகள் வரை இணையலாம், அலுவலகக் கணினியில் எப்போதோ திறந்தது அங்கே உயிரோடு இருக்கலாம். 14 நாளில் தானாக வெளியேறும் என்று சிலர் நம்புகிறார்கள். அது முதன்மை ஃபோனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால்தான். தினமும் ஃபோனை எடுக்கிறவருக்கு அந்தக் கெடு வரவே வராது.

அட்மின்பாவம்:
குடும்ப குரூப்பை விட்டு விலக மனமும் இல்லை, நாள் முழுக்க மணி அடிப்பதைத் தாங்கவும் முடியவில்லை என்பவர்களுக்கு: ஆர்கைவ் செய்துவிட்டு, சாட் செட்டிங்ஸில் 'கீப் சாட்ஸ் ஆர்கைவ்டு' இயக்குங்கள். புது மெசேஜ் வந்தாலும் மேலே ஏறாது. உங்கள் பெயரைக் குறித்துக் கூப்பிட்டாலோ, உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ மட்டும் அறிவிப்பு வரும்.