வீட்டுக் குழு: கிண்டிச் சிறுவர் பூங்கா

செவ்வாய்

அத்தை: பூங்கா வாசலில் நிற்கிறேன். கதவு பூட்டியிருக்கிறது. இன்று விடுமுறையாம். ஒருவரும் சொல்லவில்லையே!

நான்: ஐயோ அத்தை, ஞாயிறு என்றுதானே பேசினோம்?

அத்தை: அது உங்களுக்கு. நான் கூட்டமில்லாத நாளில் ஒரு தடவை பார்த்துவைக்கலாம் என்று வந்தேன். புளியோதரை வேறு கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

அப்பா: செவ்வாய் என்றால் கிண்டியும் இல்லை, வண்டலூர் மிருகக்காட்சிசாலையும் இல்லை. புளியோதரையோடு நேராக இங்கே வா.

தம்பி: பார்க்க வேண்டிய விலங்குகள் எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன அத்தை.

சனி

தம்பி: கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள், நாளைக்கு ஏன் கிண்டி? கிண்டியில் சிங்கம் இல்லை, யானை இல்லை. வண்டலூர் 602 ஹெக்டேர். விலங்குகளாவது காலை நீட்டிப் படுக்கும்.

அம்மா: என் முழங்கால் 602 ஹெக்டேர் தாங்காது.

நான்: நாலு வயதுப் பிள்ளைக்குச் சிங்கம் எங்கோ புதருக்குப் பின்னால் படுத்திருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? போன முறை வண்டலூரில் அவன் ஆசையாகப் பார்த்தது பேட்டரி வண்டியின் சக்கரத்தை.

அப்பா: எங்கள் பாட்டி எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்பார். மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். 1855-இல் பால்ஃபர் என்ற டாக்டர் அருங்காட்சியகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்தார். கூட்டம் கல்லையும் சிலையையும் விட்டுவிட்டு அங்கேயே மொய்த்ததாம். கர்நாடக நவாப் வளர்த்த விலங்குகளும் பிறகு வந்து சேர்ந்தன.

தம்பி: கூண்டுகள் எப்படி இருந்தன?

அப்பா: சின்னவைதான். புலி நாள் முழுக்க இப்படிப் போய் அப்படி வரும். பத்து வயதில் எனக்கு அது ராஜநடை. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது நல்லதுதான்.

அத்தை: அண்ணா, அந்தப் புலி உறுமியதும் நீ அழுததையும் சொல்.

அப்பா: இங்கே சிக்னல் சரியில்லை.

ஞாயிறு

நான்: வந்து அரை மணி நேரமாகிறது. இன்னும் கூழைக்கடா முன்னால்தான் நிற்கிறோம். அதன் தொண்டைப் பையைக் காட்டி, "இதுவும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருக்கிறது" என்கிறான்.

அத்தை: என் புளியோதரை?

நான்: தீர்ந்தது. முள்ளம்பன்றி தூங்குகிறது. இரவில்தான் எழும் என்று சொன்னேன். அப்படியானால் இரவு வரை இருப்போம் என்கிறான். மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டோம். வண்டலூரில் இது முடியுமா?

அம்மா: பக்கத்துப் பாம்புப் பண்ணை?

நான்: போனோம். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளைதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.

தம்பி: பொய். ஒரு கண்ணைத்தான் மூடினேன்.

தம்பி: ஆனால் ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் தேசியப் பூங்கா, 270 ஹெக்டேர் காடு. அங்கிருந்து ஒரு மான் வந்து, உள்ளே இருக்கும் மான்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்பா: வெளிமானா?

தம்பி: புள்ளிமான்தான் அப்பா. ஆனால் வெளியே நின்றது. மருமகன் கேட்கிறான்: "மாமா, அதை மட்டும் ஏன் உள்ளே விடவில்லை?"

அப்பா: நீ என்ன சொன்னாய்?

தம்பி: செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது போலிருக்கிறது என்றேன்.

அத்தை: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.