பட்வர்தன் வழியில் எல்லோரும் போக முடியுமா?

கருவேலம்:
ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகளிடம் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: “ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனைப் பார், தன் படத்துக்குத் தானே தயாரிப்பாளர், எவனிடமும் கையேந்தவில்லை.” அச்சுத் பட்வர்தன் போன்ற விடுதலைப் போராட்ட வீரர்கள் பிறந்த குடும்பம் அவருடையது. அமெரிக்காவிலும் கனடாவிலும் படித்தவர். மாதாமாதம் வாடகை கட்டுகிறவனுக்கு இந்த அறிவுரை எதற்கு?

பொன்வண்டு:
குடும்பம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1970களில் அரசை எதிர்த்த ஜெயபிரகாஷ் நாராயணனின் பீகார் இயக்கத்தைப் படமாக்கியவருக்கு நெருக்கடி நிலையில் என்ன வசதி கிடைத்தது? படச்சுருளைத் துண்டு துண்டாக்கித்தான் வெளிநாட்டுக்குக் கடத்த வேண்டியிருந்தது.

கருவேலம்:
துணிச்சலைக் குறை சொல்லவில்லை ஐயா. சோற்றைப் பற்றிக் கேட்கிறேன். பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பணம் கொடுத்தது. பலருக்கு முதல் படமே அதனால்தான் அமைந்தது. அவர்கள் எல்லாம் விலைபோனவர்களா?

பொன்வண்டு:
யார் அப்படிச் சொன்னது? அந்த ஏற்பாட்டில் அடங்காத படமும் உண்டு என்கிறேன். 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டு 10 தலித்துகள் இறந்தார்கள். சில நாளில் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். பட்வர்தனின் 1985ஆம் ஆண்டுப் படத்தில் பாடியவர் அவர். அந்த மரணத்தின் பின்னால் போன அவருடைய ஆவணப்படம் ‘ஜெய் பீம் காம்ரேட்’ 2011இல்தான் முடிந்தது. சுட உத்தரவிட்ட அதிகாரிக்குத் தண்டனை வந்ததே 2009இல். ஓராண்டுக்குள் படத்தை ஒப்படை என்று ஒப்பந்தம் போடுகிறவர் இதற்குக் காத்திருப்பாரா?

மணல்மேடு:
இருவரும் வழக்குகளை மறந்துவிட்டீர்கள். பட்வர்தனின் ‘போரும் அமைதியும்’ படத்தில் 21 இடங்களை வெட்டச் சொன்னது தணிக்கை வாரியம். ஒரு வெட்டும் இல்லாமல் வெளிவர 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் வழி செய்தது. 1990களின் நடுவில் முடிந்த அவருடைய இன்னொரு படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். அந்தத் தீர்ப்புகள் எல்லா இயக்குநர்களுக்கும் சொத்து. சம்பளத்துக்குப் படம் எடுத்திருந்தால் முதல் வெட்டிலேயே தயாரிப்பாளர் தலையாட்டியிருப்பார்.

கருவேலம்:
உங்கள் உதாரணமே எனக்குச் சாதகம். ஒரு ஒளிபரப்புக்குப் பத்தாண்டு நீதிமன்றம்! அதுவரை வாடகை கட்டுகிற பையன் எதைத் தின்பான்? பட்வர்தனை வணங்குகிறேன், பாடத்திட்டமாக்காதீர்கள் என்கிறேன்.

பொன்வண்டு:
அப்படியானால் பிள்ளைகளிடம் முழுக் கணக்கையும் சொல்லுங்கள்: கல்யாணப் படமோ விளம்பரமோ எடுத்துச் சம்பாதி, ஒரு படத்தின் உரிமையை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதே.

கருவேலம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஒரு படத்துக்கான கேமரா வாடகை யார் கணக்கில்?