கறியை மட்டும் விட்டால் தவக்காலம் ஆகிவிடுமா?

கீழவாசல்காரன்:
ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்று நாற்பது நாள் வீட்டில் கறி இல்லை, சரி. அந்த இடத்துக்கு என்ன வந்தது? பன்னீர் வந்தது, காளான் பிரியாணி வந்தது, வெள்ளிக்கிழமையானால் நெத்திலி வறுவல். ஜெபம் மட்டும் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. நேற்று, இயேசுவின் பாடுகளை நினைத்து ஸ்தலம் ஸ்தலமாக ஜெபிக்கும் சிலுவைப்பாதையில், 14 ஸ்தலத்துக்கும் முழங்கால் போட்டேன், வாய் பாட்டுக்கு ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்கிறது, மனசு ஆறாவது ஸ்தலத்திலேயே பைக்கை எங்கே நிறுத்தினோம் என்று கிளம்பிவிட்டது. இதற்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்று தோன்றுகிறது. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஞானஒளிவுபுரம் அக்கா:
திட்டத்தான் வந்தேன் தம்பி. பன்னீர் வாங்கியது நீ, பழி நோன்பு மேலா? திருச்சபை கேட்பது கொஞ்சம்தான். நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, அதுவும் 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான். மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம், கறி இல்லாத சாப்பாடு. நாற்பது நாளும் கறி விடுவது நாமாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் அப்பத்தா தவக்காலம் முழுக்க உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் மண்பானையில் போடும், போடும்போது ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அரிசியைத் தொடும், அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புனித வாரத்தில் பானை காலியாகிவிடும். எந்த வீட்டுக்குப் போனது என்று கேட்டால், ‘ஒங்க சோலியப் பாருங்கடி’ என்கும். அதில் நோன்பு எது, ஜெபம் எது, தர்மம் எது என்று நீ பிரித்துக் காட்டு பார்ப்போம்.

நரிமேடு பிரதர்:
உபவாசத்துக்கு நான் விரோதி இல்லை. ஆனால் காலண்டர் பார்த்து வருவதற்குப் பெயர் மனந்திரும்புதலா? வேதத்தில் இந்த லெந்து என்கிற தவக்காலம் எங்கே இருக்கிறது? உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று மத்தேயு 6-இல் இயேசு சொல்லியிருக்க, நீங்கள் நெற்றியில் சாம்பலோடு பெரியார் நிலையத்தில் பஸ் ஏறுகிறீர்கள்.

ஞானஒளிவுபுரம் அக்கா:
அந்த 6-ஆம் அதிகாரத்தைத்தான் பிரதர் அன்றைக்குத் திருப்பலியில் வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டுத்தான் பூசுகிறார்கள். வெளியே வந்ததும் துடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் துடைப்பதில்லை, அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கலாம், இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

பசுமலைக்காரர்:
லெந்து எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் உண்டு, பிடி அரிசியும் உண்டு. அம்மா காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். கீழவாசல் தம்பிக்கு ஒன்று: 1606-இல் இதே மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி கறி மீனை அடியோடு விட்டு, சோறும் காய்கறியும் பாலுமாக ஒரே வேளைதான் சாப்பிட்டார். சாப்பாட்டை விட்டால் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட முடியுமா?

கீழவாசல்காரன்:
அண்ணே, அவர் விட்டது தவக்காலத்துக்காக இல்லையே. சந்நியாசி என்று ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும், உயர்சாதிக்காரர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. அதுவும் வருஷம் முழுக்க. நாம் ஈஸ்டருக்குக் கறி சொல்லி வைத்துவிட்டு நோன்பை ஆரம்பிக்கிறவர்கள், அவரோடு சேர்க்காதீர்கள்.

நரிமேடு பிரதர்:
பிடி அரிசி நல்ல காரியம். அதை ஏன் ஆடி மாதம் செய்யக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

ஞானஒளிவுபுரம் அக்கா:
செய்யுங்கள் பிரதர், யார் தடுத்தார்கள்? எனக்கு ஒரு தேதி வைத்தால்தான் கை நகர்கிறது.

கீழவாசல்காரன்:
கறி விஷயத்தில் என் பேச்சு பேச்சுதான். ஆனால் அக்கா, அந்தப் பானைக் கதையை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டித் தொலைத்தேன். உடனே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துவிட்டாள். அரிசி அவள் போடுவாளாம், ஜெபம் நான் சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டில் உலை வைப்பது காலை ஐந்தரைக்கு.