நாலு பேர் கூடினால் தேர்தல் முடிவா?

கணக்குப்பிள்ளை: "மனித மனம் சமன்பாட்டில் அடங்காது" என்று ஒருவர் எழுதி ஏகப்பட்ட லைக் வாங்கியிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் செர்ஜ் கலாம் (நம் கலாம் இல்லை) 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு பற்றி பிரான்சில் நடந்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' தரப்பு ஜெயிக்கும் என்று முன்பே சொன்னார். மே 29 அன்று கிட்டத்தட்ட 55 சதவீதம் 'வேண்டாம்'. முறை எளிது. மக்களை நாலு நாலு பேராகப் பிரியுங்கள். குழுவில் பெரும்பான்மை எதுவோ அதற்கு எல்லோரும் மாறுவார்கள். 2-2 என்றால் ஊறிப்போன முன்முடிவு ஜெயிக்கும். கலைத்துவிட்டு மறுபடி பிரியுங்கள். முன்முடிவின் துணை உள்ள தரப்புக்கு ஆரம்பத்தில் 23 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆதரவு இருந்தாலே போதும், கடைசியில் ஜெயித்துவிடும்.

திண்ணைவாசி: 2020-இல் அமெரிக்காவில் யார் ஜெயிப்பார் என்றார்?

கணக்குப்பிள்ளை: 2016-இல் டிரம்ப் ஜெயிக்கக்கூடும் என்றார். ஜெயித்தார்.

திண்ணைவாசி: கேட்டது 2020. மறுபடி டிரம்ப் என்றார். வந்தது பைடன்.

சமூகவியல் மாணவி: முதலில் கணிப்பு வேறு, விளக்கம் வேறு என்று பிரித்துக்கொள்ளலாமா? ஹெக்செல்மன், க்ராவுசே என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் எழுதிய கணித மாதிரியில், கருத்து ரொம்ப விலகியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பொருட்படுத்தவே மாட்டார்கள். அது எந்தத் தேர்தலையும் கணிக்கவில்லை. ஆனாலும்...

கணக்குப்பிள்ளை: கணக்கு வராதவர்கள்தான் இப்படிப் பிரிப்பார்கள். 2005 சரியா இல்லையா?

சமூகவியல் மாணவி: இயற்பியல் படித்தால் மரியாதை வேண்டாம் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறதா சார்?

திண்ணைவாசி: சரி, 2-2 ஆனால் முன்முடிவு என்கிறீர்கள். அது எந்தப் பக்கம் என்று யார் அளந்தார்கள்? உங்களுக்குப் பிடித்த பக்கமா?

கணக்குப்பிள்ளை: நாலுக்குப் பதில் மூன்று பேர் வைத்தால் சமநிலையே வராது. 50 தாண்டியவன் ஜெயிப்பான். கலாமின் கட்டுரையைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

திண்ணைவாசி: அப்படியென்றால் நாலு என்று வைத்ததால்தான் 23 வந்தது! நம் ஊர் டீக்கடையில் ஏழு பேர் உட்கார்ந்தால் ஆட்சி மாறுமா?

ஓரத்தில் ஒருவன்: ஏழு ஒற்றைப்படை. சமநிலை வராது.

திண்ணைவாசி: உங்களைக் கேட்டேனா?

கணக்குப்பிள்ளை: பைத்தான் என்ற கணினி மொழியில் சில வரிதான். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். குழு அளவுகளைக் கலந்தும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எதிர்ப்பதற்கென்றே எதிர்ப்பவர்களையும் மாதிரியில் சேர்த்திருக்கிறார். உங்களைப் பார்த்துத்தான் சேர்த்தாரோ என்னவோ.

திண்ணைவாசி: அந்தச் சில வரியில் முன்முடிவு எந்த வரியில் வருகிறது? யார் தட்டச்சு செய்தது? 2020-இல் என்ன தட்டினார்?

கணக்குப்பிள்ளை: போன மாதம் ஜிஎஸ்டி விவாதத்திலும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துத் தொங்கினீர்கள். அங்கே நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள்.